ஆடிட்டர் வேலையை விட்டார்... கரிசல் காட்டில் குடியேறினார்! யார் இந்த ஜே.சி.குமரப்பா?

இன்ஸ்டாவைத் திறந்தால் வாரத்துக்கு ஒரு ரீலாவது கண்ணில் படும். ஐ.டி. வேலையை விட்ட ஒரு தம்பதி, ரெண்டு ஏக்கர் நிலம், மண் வீடு, பின்னணியில் வயலின் இசை. கீழே ஹேஷ்டேகில் 'பெர்மாகல்ச்சர்'. அதை சேவ் பண்ணி வைத்துவிட்டு நாம் மறுநாள் ஸ்டாண்ட்அப் மீட்டிங்குக்குப் போய்விடுவோம்.

இந்தச் சொல் 1970-களில் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் என்ற இருவர் 'பெர்மனென்ட் அக்ரிகல்ச்சர்' என்பதைச் சுருக்கி உருவாக்கினார்கள். அவர்களுடைய முதல் புத்தகம் வந்தது 1978-ல். அதற்கு 33 வருஷம் முன்னால், 1945-லேயே, 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' என்ற தலைப்பில் ஒரு தமிழர் புத்தகம் எழுதிவிட்டார். அவருடைய கடைசி ஆண்டுகள் கழிந்தது மதுரைக்குப் பக்கத்தில் டி.கல்லுப்பட்டியில். குற்றாலம் போகும்போது திருமங்கலம் தாண்டி நீங்கள் கடந்து போயிருப்பீர்களே, அதே ஊர்தான்.

(ஒரு விஷயம். ஆஸ்திரேலியாக்காரர்கள் குமரப்பாவைப் பார்த்து காப்பி அடித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஃபார்வர்டு பண்ணிவிடாதீர்கள். 'பெர்மனென்ட் அக்ரிகல்ச்சர்' என்ற சொல், சீனா, கொரியா, ஜப்பான் விவசாயிகளைப் பற்றி எஃப்.எச்.கிங் என்ற அமெரிக்கர் எழுதி 1911-ல் வெளியான புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கிறது.)

குமரப்பாவைத் தனியாகக் கவனிக்க வேறொரு காரணம் இருக்கிறது. அவர் விவசாயி இல்லை. ஆடிட்டர். மண், மழை, மாடு, வீடு எல்லாவற்றையும் வரவு செலவுக் கணக்காகப் பார்த்தவர்.

கொர்னேலியஸ் எப்படி குமரப்பா ஆனார்?

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்குப் பொதுப்பணித் துறையில் வேலை. வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டன் போய் ஆடிட்டிங் படித்தார். அம்மா கூப்பிட்டதால் 1919-ல் ஊர் திரும்பினார். பம்பாயில் சொந்தமாக ஆடிட்டிங் நிறுவனம், நல்ல வருமானம், மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம். இன்றைய மொழியில் சொன்னால் 'செட்டில்டு'.

1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டம் வாங்கிவிட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்ற புகழ்பெற்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் சேர்ந்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று நியூயார்க்கில் ஒரு சர்ச்சில் இவர் பேசியது பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர், இதையே ஆய்வு செய் என்றார். பிரிட்டிஷ் அரசின் வரி வசூலையும் செலவையும் ஒரு ஆடிட்டர் கண்ணோடு புரட்டிப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது: வசூலாகும் பணம், கொடுத்தவனிடம் திரும்பி வரவே இல்லை.

1929-ல் ஊர் திரும்பியதும் குடும்பத்தில் சகோதரர்கள் சேர்ந்து தாத்தாவின் பெயரான குமரப்பாவைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

சாணம் மெழுகிய தரையில் ஒரு இன்டர்வியூ

ஆய்வேட்டைப் பதிப்பிக்க காந்தியைப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டுத் துணியில் தைத்த சூட், கையில் வாக்கிங் ஸ்டிக். சந்திப்புக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு வயதானவர் நூல் நூற்றுக்கொண்டிருக்க, குமரப்பா நின்று வேடிக்கை பார்த்தார். அந்தப் பெரியவர்தான் காந்தி என்பது சில நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. சூட்டோடு அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 37 வயது.

ஆய்வு 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. ஆனால், காந்தி அவருக்குக் கொடுத்த உண்மையான வேலை வேறு. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் என்ற தாலுகாவுக்குப் போய், 54 கிராமங்களில் வீடு வீடாக வரவு செலவு எடுக்கச் சொன்னார். குஜராத் வித்யாபீட மாணவர்கள் துணைக்கு. கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துப் பழகியவர், முதல்முறையாக ஒரு விவசாயியின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தார். அந்த 54 கிராமங்களிலிருந்து அவர் திரும்பி வரவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அதற்கப்புறம் எழுதியது எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நடுவே ஜெயில். 'யங் இந்தியா' கட்டுரைகளுக்காக 1931-ல் முதல்முறை உள்ளே போனார். அதன் பிறகு அடிக்கடி.

1934 பிகார் பூகம்ப நிவாரணக் கணக்கு இவர் கையில்தான் இருந்தது. காந்தியும் அவரோடு வந்தவர்களும் அங்கே போனபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தி மறுக்கவில்லை. தலைவருக்கே 'எக்ஸ்பென்ஸ் க்ளெய்ம் ரிஜெக்டட்' போட்ட ஆடிட்டர்!

மண்ணெண்ணெய் விளக்கில் என்ன தப்பு?

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. செயலாளர் குமரப்பா. இடம் வார்தாவின் மகன்வாடி. செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், கையால் செய்த காகிதம், புகை வராத அடுப்பு... இப்போது மதுரை அண்ணா நகரில் ஒரு ஆர்கானிக் கடைக்குள் நுழைந்தால் அலமாரியில் இருக்கும் பாதிப் பொருள் அங்கே ஆய்வுப் பொருளாக இருந்தது.

அங்கே உருவான ஒரு விளக்கின் பெயர் மகன் தீபம். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும். ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? மண்ணெண்ணெய் வாங்கினால் காசு கிராமத்தை விட்டு, நாட்டை விட்டே போகிறது. எண்ணெய் வித்தை உள்ளூரில் விளைவித்து, உள்ளூர் செக்கில் ஆட்டினால் காசு ஊருக்குள்ளேயே சுற்றும். பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் நிலத்துக்கு. ஒரு விளக்கை வைத்து மொத்தச் சங்கிலியையும் காட்டிவிடுவார்.

கையிருப்பா, ஓட்டமா?

வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கைதாகி ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதியதுதான் அந்தப் புத்தகம். காந்தி முன்னுரை எழுதினார். குமரப்பாவுக்கு ஏற்கெனவே இருந்த பட்டங்கள் போதாதென்று, விளையாட்டாகக் கிராமத் தொழில் டாக்டர் பட்டமும் கொடுத்தார்.

பொருளாதாரத்தில் ஐந்து வகை என்கிறது புத்தகம். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. தோட்டத்தில் புகுந்து பழத்தைப் பறிக்கும் குரங்கு அடுத்தது. மரம் சாகாது, ஆனால் குரங்கு எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை மூன்றாவது. கூட்டுக்காக உழைக்கும் தேனீ நான்காவது. எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை கொண்டு வரும் தாய்ப்பறவை ஐந்தாவது. 'தாய்மைப் பொருளாதாரம்' என்று தமிழில் இப்போது பேசுகிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு பிரிவு. கையிருப்புப் பொருளாதாரம், ஓட்டப் பொருளாதாரம் என்று இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் கையிருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். குறையக் குறைய அடிதடி வரும். காடு, மழை, உழைப்பு எல்லாம் ஓட்டம். வருஷா வருஷம் வரும். வருகிற அளவுக்குள் எடுத்தால் தீராது. ஆடிட்டர் பாஷையில் இது ரொம்ப சிம்பிள். வருமானத்தில் வாழ்கிறாயா, முதலைத் தின்கிறாயா?

டெல்லியோடு ஒத்துப்போகவில்லை

சுதந்திரத்துக்கு அப்புறம் காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். 1949-ல் வந்த அறிக்கை, இடைத்தரகர்கள் வேண்டாம், உழுபவனுக்கு நிலம், நில உச்சவரம்பு வேண்டும் என்றது. நடந்தது எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

அணை, உருக்காலை, ரசாயன உரம் என்று நாடு வேறு பாதையில் போனது. நேரு தலைமையிலான தேசியத் திட்டக் குழுவிலிருந்து முன்பே வெளியே வந்தவர் இவர். டிராக்டர் மீது இவருக்கு இருந்த கோபம் பிரபலம்: உழும், ஆனால் சாணி போடாது. கேட்க ஜோக் மாதிரி இருக்கும். ஆனால் அது சீரியஸான கணக்கு. மாட்டை எடுத்துவிட்டால் எருவை வாங்க வேண்டும், எரிபொருளை வாங்க வேண்டும். வாங்க வேண்டியது கூடினால் கடன்.

டெல்லியில் கூட்டத்துக்குக் குதிரை வண்டியில் போனவரை போலீஸ் நிறுத்தியதாக ஒரு கதை உண்டு. லாரிகள் போகும் சாலையில் குதிரை வண்டி ஆபத்து என்று விளக்கம் சொன்னார்களாம். ஆபத்து லாரியால்தானே, அப்போது லாரியைத்தானே தடை செய்ய வேண்டும் என்று நேருவிடமே வாதாடினாராம்.

1950-களின் தொடக்கத்தில் வார்தா அருகே சேல்டோ என்ற கிராமத்தில் ஒரு ஆசிரமம் தொடங்கினார். அதற்கு 'பண்ணை' என்று தமிழில் பெயர் வைத்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, ரத்த அழுத்தம் ரொம்ப நாளாகவே படுத்தியது. கடைசியில் தெற்கே வந்து, டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். 1940-ல் கோ.வேங்கடாசலபதி தொடங்கிய ஆசிரமம் அது. குமரப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு சின்ன வீடு, புத்தகங்கள், எழுத்து.

கரிசலில் ஒரு வருஷம்

அவர் எழுதிய கணக்குக்கு டி.கல்லுப்பட்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். ஏன் என்று புரிய, அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் எப்படி ஓடும் என்று பார்க்க வேண்டும்.

மதுரை என்றதும் வைகை, பெரியாறு பாசனம், நெல் என்றுதான் தோன்றும். தென்மேற்கே பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் அது இல்லை. கரிசல் மண். வானம் பார்த்த பூமி. மதுரை மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. அதில் பாதிக்கு நெருக்கமாக வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசியை ஒட்டி மூன்றே மாதத்தில் கொட்டிவிடும். மீதி மாதங்களை அந்த ஈரத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

சித்திரையில் கரிசல் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கோடை மழை ஒன்று விழுந்தால் உழவு. அந்த மாதங்களில்தான் கண்மாய் வற்றிக் கிடக்கும். அடியில் படிந்த கரம்பையை வண்டியில் அள்ளி நிலத்தில் கொட்டுவார்கள். கண்மாய்க்கு ஆழம், நிலத்துக்குச் சத்து. அறுவடை முடிந்த காட்டில் கீதாரிகள் வந்து ஆட்டுக்கிடை போடுவார்கள். ராத்திரி முழுக்க ஆடுகள் அங்கேயே படுக்கும். காலையில் நிலத்துக்கு எரு ரெடி. நிலத்துக்காரர் கொடுப்பது தானியமோ காசோ. உர மூட்டையும் இல்லை, டிரான்ஸ்போர்ட்டும் இல்லை.

அதே வெயிலில் பனை தரும் பதநீர் கருப்பட்டியாகும். பனைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், நல்ல நிலமும் வேண்டாம். கரும்புக்கு நல்ல நிலத்தையும் நீரையும் கொடுத்துச் சர்க்கரை எடுப்பதற்குப் பதில், சும்மா நிற்கும் பனையிலிருந்து வெல்லம் எடுக்கலாமே, கரும்பு நிலத்தில் உணவு விளையட்டுமே என்பது குமரப்பாவின் நீண்ட நாள் வாதம்.

ஆடிக்காற்று ஓய்ந்து, புரட்டாசியில் விதைப்பு. சோளம், கம்பு, குதிரைவாலி, நடுவே உளுந்து, பாசி, இன்னொரு பக்கம் பருத்தி. ஒன்று போனால் ஒன்று கைகொடுக்கும். ஐப்பசி மழையில் காட்டுக்குள் கால் வைத்தால் செருப்பு திரும்பி வராது. மார்கழியில் பனி. மண் பிடித்து வைத்த ஈரமும் அந்தப் பனியும் சேர்ந்து கதிரை முற்ற வைக்கும். தையில் களம் நிறையும். தானியம் வீட்டுக்குள் குலுக்கைக்குப் போகும். குலுக்கை என்பது மண்ணால் செய்த ஆள் உயரத் தானியக் கொள்கலன். மேலே கொட்டி, கீழே துளை வழியாக எடுப்பார்கள். மாசி, பங்குனியில் பருத்தி வெடிக்கும்.

இதில் வெளியிலிருந்து வாங்கியது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரொம்பக் கொஞ்சம். ஒரு ஊர் தனக்கு வேண்டிய தானியம், பருப்பு, எண்ணெய், துணி எல்லாவற்றுக்கும் எவ்வளவு நிலம் ஒதுக்க வேண்டும் என்று, ஒரு லட்சம் பேருக்கான மாதிரிப் பயிர்த் திட்டமே போட்டவர் குமரப்பா. முதலில் ஊரின் சாப்பாடு, மிச்சம்தான் சந்தைக்கு.

இப்போது அதே பக்கம் போனால் மக்காச்சோளம் நிறையத் தெரியும். கோழித் தீவனத்துக்குப் போவது. விதை, உரம், மருந்து எல்லாம் கடையிலிருந்து. 2018-ல் படைப்புழு வந்தபோது ஒரே பயிரை நம்பியவர்களுக்கு விழுந்த அடி பலமாக இருந்தது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. குதிரைவாலியைக் குத்திப் புடைக்கும் வேலையும் அதற்குக் கிடைத்த விலையும் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மண் வீட்டுக்கும் அதே கணக்கு

வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் யோசனை தன்னை மாற்றியதாகக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் சொல்வதுண்டு. வார்தாவுக்குப் பக்கத்தில் சேவாகிராமத்தில் 1936 முதல் எழுந்த காந்தியின் குடில்கள் அப்படித்தான் உள்ளூர் மண்ணிலும் மூங்கிலிலும் நின்றன. குமரப்பா வேலை செய்த உலகம் அது.

கரிசல் பக்கத்து மண் வீட்டுக்கும் ஒரு பருவம் உண்டு. வெறும் கரிசல் மண் சுவருக்கு ஆகாது; காய்ந்தால் வெடிக்கும். செம்மண்ணோ மணலோ கலக்க வேண்டும். குழைத்து, மிதித்து, ஊறப்போட்டு, அடுக்கடுக்காக எழுப்ப வேண்டும். ஒரு அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்தது. அதனால் வேலை வெயில் காலத்தில். மேலே பனங்கைகள், அதன் மேல் ஓலை. மழைக்கு முன்னால் கூரையைப் பார்க்க வேண்டும், பொங்கலுக்கு முன்னால் சுவரைப் பூச வேண்டும். செலவழித்த காசு மண் மிதித்தவருக்கும் ஓலை வெட்டியவருக்கும் போகும். இடித்தால் மண் மண்ணோடு சேரும். இது ஓட்டப் பொருளாதாரம். சிமென்ட்டும் கம்பியும் கையிருப்பிலிருந்து வருபவை.

ஆனால் இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மண்ணை மிதித்தவர்கள் யார்? பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள். மழைக்கு ஒழுகும் கூரையும் எலி வளை போட்ட சுவரும் அவர்களுக்கு அழகியல் கிடையாது. கான்கிரீட் வீடு என்பது அவர்களுக்கு மரியாதை. கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் எழுப்பிய கேள்விகளுக்கு குமரப்பாவின் பொருளாதாரத்தில் முழு பதில் இல்லை என்பது என் வாசிப்பு. தேனீயையும் பறவையையும் அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர், தெருவின் இரண்டு பக்கத்தையும் அதே நுட்பத்தோடு எழுதவில்லை. உழுபவனுக்கு நிலம் என்று காங்கிரஸிடம் எழுதிக் கொடுத்தது அவரே என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அந்த அறிக்கை அமலாகியிருந்தால் இந்தக் கேள்வியின் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இன்றைய ரீல்ஸ் மண் வீடுகளுக்கு வருவோம். சில வீடுகளில் சதுர அடிக் கணக்கு கான்கிரீட்டைத் தாண்டிவிடுகிறது. மண் ஒரு மாவட்டத்திலிருந்து, ஆட்கள் இன்னொரு மாநிலத்திலிருந்து, டிசைன் ஃபீஸ் நகரத்துக்கு. பார்க்க அழகுதான். குமரப்பா வந்தால் சுவரைத் தடவிப் பார்க்கமாட்டார், பில்லைக் கேட்பார்.

கடைசி நாட்கள்

பூதான நடைப்பயணத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த வினோபா பாவே, கல்லுப்பட்டியில் குமரப்பாவின் வீட்டுக்கு வந்ததாகவும், சுவரில் இருந்த காந்தி படத்தைக் காட்டி இவர் என் எஜமானர் என்றும், இன்னொரு படத்தில் இருந்த ஏழை விவசாயியைக் காட்டி அவர் என் எஜமானரின் எஜமானர் என்றும் குமரப்பா அறிமுகம் செய்ததாகவும் காந்தியர்கள் இன்றும் சொல்வார்கள்.

உடல்நிலை மோசமாகி, 1960 ஜனவரி 30 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். காந்தி சுடப்பட்ட அதே தேதி. வயது 68. பசுமைப் புரட்சி இன்னும் தொடங்கியிருக்கவில்லை. தாராளமாக மண்ணில் யூரியா கொட்டப்பட்டதையும், ஆழ்துளைக் கிணறுகள் நூற்றுக்கணக்கான அடி இறங்கியதையும் அவர் பார்க்கவில்லை.

பல பத்தாண்டுகள் கழித்து நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியபோது குமரப்பாவின் பெயர் மறுபடி காதில் விழ ஆரம்பித்தது. ஜெய்ப்பூரில் அவர் பெயரில் ஒரு கிராம சுயராஜ்ய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. காந்தியப் புத்தகங்களுக்கு மதுரை மேலவெளி வீதியில் சர்வோதய இலக்கியப் பண்ணை. 'தாய்மைப் பொருளாதாரம்' சின்னப் புத்தகம்தான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் திருச்சி வருவதற்குள் படித்து முடித்துவிடலாம்.